சம்பந்தியின் காலில் நான் வெட்டிய சோல்

ஆம்பூரில் ஓர் ஓலைக் கொட்டகையில் பழைய டயரை அறுத்துச் செருப்புச் செய்தேன். கொட்டகை எரிந்தது, தகரத்தில் கட்டினேன். தகரத்தைக் காற்று கொண்டுபோனது, செங்கல்லில் கட்டினேன். இனி இது ஓடாது என்று படித்த இஞ்சினியர்கள் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்ட, சோல் வார்க்கும் அச்சு மெஷினை வாங்கிவந்து, அதன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்து, ஓடவைத்தேன். இன்றைக்கும் ஓடுகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். டீக்கடையில் கிடந்த தினத்தாளை எழுத்துக் கூட்டிக் கூட்டியே தமிழ் படித்தேன். இதோ, எழுதவும் செய்கிறேன். எங்கள் தெருப் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டி நான் கட்டியது. என் தொழிற்சாலையில் வார்க்கும் சோல் கப்பலேறிப் போகிறது. லண்டனில் எவனோ ஒருவன் மழையில் வழுக்காமல் நடக்கிறான் என்றால், அவனுக்கும் தரைக்கும் நடுவில் நான் இருக்கிறேன்.

இத்தனை செய்தவனுக்கு ஒன்று மட்டும் கைகூடவில்லை. என் ஒரே மகன் நிசார் இலங்கைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

கத்தாரில் அவனோடு வேலை பார்த்த கல்முனைப் பையன் தன் தங்கை ரிஸ்னாவை அவனுக்குக் கொடுத்தான். நல்ல பெண், டீச்சர். ஆனால் அந்த ஊர் முஸ்லிம்களுக்கு ஒரு வழக்கம். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். எங்கள் பக்கம் பெண்தான் வருவாள். நிக்காஹ் பேசும்போதே இதைச் சொன்னார்கள். ஏதோ கொஞ்ச நாளைக்கு என்று எடுத்துக்கொண்டேன். மாமனார் வீட்டில் எவன் நிரந்தரமாக இருப்பான்? ஒருநாள் போனில், எப்போதும் "ஆமாத்தா" என்பவன், "ஓம் அத்தா" என்றான். அன்றைக்கே டிக்கெட் போடச் சொன்னேன். மகனைக் கூட்டி வந்து மெஷின் முன்னால் நிறுத்துவது என்று முடிவு.

கொழும்பிலிருந்து நாள் முழுக்க ஓடும் பஸ். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? என் தொழிற்சாலைத் தோல் ஷூ பெட்டி பெட்டியாக மடியிலும் காலடியிலும் வைத்திருந்தேன். எதிர் சீட்டில் ஒரு சிங்கள அம்மா தன் கணவரிடம் ஏதோ சொல்ல, பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இத்தனை சோடி போட, இந்த மனிசன் வீட்டுல பூரான் வளக்கிறாரோ எண்டு கேக்கிறா."

நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அந்தக் கணவரின் காலைப் பார்த்தேன். சோல் ஒரு பக்கமாகத் தேய்ந்து ஆள் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். ஒரு பெட்டியைத் திறந்து நீட்டினேன். அளவெடுத்ததுபோல் ஏறியது. கண்ணால் பார்த்தே அளவு சொல்வேன், தப்பாது. அந்த அம்மா அவித்த சோளத்தை என் கையில் திணித்தாள். தின்றேன், தூங்கினேன், கண் விழித்தபோது கல்முனை எப்போதோ பின்னால் போய், பஸ் அக்கரைப்பற்றில் நின்றது.

நிசார் ஆட்டோ பிடித்து வந்து என்னை மீட்டான். ஆள் இளைத்து, கறுத்து, பனைமரம்போல் இருந்தான். சம்பந்தி லத்தீப் போடியார் வாசலிலேயே நின்றார். போடியார் என்றால் அங்கே வயல்காரர். என் வயசு, என் வயிறு.

"வாங்க சம்மந்தி, வாங்க! என்ன, கல்முனை புடிக்கல்லயா, தாண்டிப் பெய்த்தீங்க?"

"அந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்த்துட்டு வரலாம்னு போனேன்."

"வழியில பச்சயாத் தெரிஞ்சதெல்லாம் நம்மட வயல்தான்" என்றார்.

அளப்பதில் எனக்குச் சமமான ஆளை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். உடனே பிடித்துப்போனது.

சாப்பாடு ஒரே பெரிய தட்டில். சஹன் என்கிறார்கள், சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே கை வைக்க வேண்டும். ஆம்பூர்க்காரன் பிரியாணியைத் தவிர வேறொன்றைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டான். ஒப்புக்கொண்டேன். எருமைத் தயிர்ச் சட்டியைப் போடியார் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை. தயிரில் பாணி என்ற வெல்லப்பாகை ஊற்றிக் கொடுத்தார்கள். அது இறங்கிய தைரியத்தில் விஷயத்தை எடுத்தேன்.

"மகனைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன்."

போடியாரின் கை தட்டிலேயே நின்றது. "மாப்பிள போனா என்னய ஆரு ஓட்டுற?" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது. இந்த மனுஷனுக்குச் சர்க்கரை. நட என்று டாக்டர் சொல்லியும் நடக்காத இவரை, நிசார் தினமும் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கடற்கரை, வயல் வரம்பு, காட்டுப் பாதை என்று ஓட வைத்திருக்கிறான். அதற்கு ட்ரெயில் ரன்னிங் என்று பெயராம். தார் ரோட்டை விட்டுவிட்டு மண்ணிலும் கல்லிலும் ஓடுவது. ஊரில் இன்னும் பத்துப் பேர் அவன் பின்னால் ஓடுகிறார்களாம்.

"எனக்கு அவன் மெஷின் ஓட்டணும்" என்றேன்.

"அப்ப ஒண்டு செய்வம் சம்மந்தி. சனிக்கிழம நீங்களும் நானும் வரம்பால ஓடுவம். என்ட வயல் வாடிக்கு ஆரு முந்தி வாறயோ, மாப்பிள அவருக்கு." வயலில் காவலுக்குக் கட்டிய குடிசையைத்தான் வாடி என்கிறார்.

"பந்தயம் ஹராம்" என்றான் நிசார்.

"காசு வச்சாத்தானே பந்தயம். இது சும்மா பேச்சு."

தயிர்ச் சட்டியை எடுக்க வந்த ரிஸ்னா நின்றாள். "ரெண்டு பேரும் என்ட மாப்பிளயப் பங்கு போடுறீங்களே, என்னட்டக் கேட்டீங்களா?"

இரண்டு கிழவர்களும் தட்டைப் பார்த்தோம்.

"சரி, நான் சொல்லுறன். மாமா முந்தினா, நானும் சேந்து ஆம்பூருக்கு வாறன். அங்கயும் பள்ளிக்கூடம் இரிக்கும்தானே. வாப்பா முந்தினா நாங்க இஞ்சதான். அதுக்குப் பொறகு ஒருத்தரும் இந்தக் கதய எடுக்கப்படா."

நிசார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைந்தான். பிள்ளை பாவம்.

மறுநாள் காலை என் தோல் ஷூவைக் கட்டிக்கொண்டு நின்றேன். "அத்தா, இதப் போட்டுக்கிட்டு வரம்புல ஏறினா நேரா வாய்க்கால்தான்" என்றான் நிசார். சரி, வாங்கலாம் என்று மூவரும் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே ஷூவுக்குச் சப்பாத்து என்று பெயர். சப்பாத்துக் கடைக்காரர் என் காலைப் பார்த்து, "ஹாஜியார், ஒரு அளவு கூட எடுங்க. ஓடக்குள்ள கால் வீங்கும்" என்றார். எனக்கா சொல்கிறீர் என்று சிரித்து, கையுறைபோல் கச்சிதமாக இருந்ததை எடுத்தேன். அடியில் பொடிப்பொடியாக நெருங்கிய பற்கள். பார்க்கப் பிடிப்பாகத் தெரிந்தது. போடியாருக்கும் அதே மாடலை நானே தேர்ந்தெடுத்தேன். அவர் மட்டும் ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கினார்.

கடற்கரையில் முதல் ஓட்டம். மணல் காலை இழுக்கிறது. முன்னால் ஓடுகிறோமா பின்னால் போகிறோமா என்றே தெரியவில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் கூவினார்கள்.

"ஹாஜியார், ஆரு வெரட்டுற? பொஞ்சாதியா?"

"கடன்காரன்டா! விடாம ஓடுங்க ஹாஜியார்!"

கையாட்டிக்கொண்டே ஓடினேன். இந்த வயசில் ஒருவன் ஓடுவதைப் பார்த்து ஒரு கடற்கரையே வேலையை விட்டு நிற்கிறது என்றால் சும்மாவா! திரும்பி வந்து ஷூவைக் கழற்றினால் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்திருந்தன.

இது ஆம்பூர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. தோல் ஷூவை இறுக்கமாகத்தான் வாங்க வேண்டும். போடப் போட விரிந்து காலுக்குப் படியும். ஆயிரம் பேருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் இந்த ஓட்ட ஷூவின் மேல்பாகம் தோல் இல்லை, வலைத்துணி. அது சாகும்வரை விரியாது. இறக்கத்திலும் பள்ளத்திலும் விரல் போய் முட்டுகிறது. சாயங்காலம், கால் நன்றாக வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, ஓடும்போது போடும் அதே காலுறையோடு மறுபடி கடைக்குப் போனேன். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம், குதிகால் மட்டும் அசையக் கூடாது. அதே மாடலில் இப்படி ஒன்றை எடுத்தேன். கடைக்காரர் எனக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். பழைய ஜோடி வலை இழுத்தவர் ஒருவருக்குச் சரியாக இருந்தது. கடன்காரன் என்று கூவியவர்தான்.

ஓட்டத்தை ஆரம்பிப்பவர்களுக்கு என் மகன் சொல்லும் பாடம் சின்னது. அடியைக் குட்டி குட்டியாக வை. காலைப் பார்க்காதே, கால் போகப்போகும் இடத்தைப் பார். ஏற்றத்தில் நட, அது வெட்கமில்லை. வேகத்துக்கு அளவு வேண்டுமென்றால், ஓடிக்கொண்டே பேச முடிய வேண்டும்; பேச்சு நின்றால் வேகம் அதிகம். இந்தக் கடைசிப் பாடத்தில் சம்பந்தியையும் என்னையும் யாரும் மிஞ்ச முடியாது. அவர் தன் வட்டையின் விளைச்சலை அளக்க, நான் என் மெஷினை அளக்க, மூச்சு வாங்காமல் ஓடினோம். வட்டை என்றால் அங்கே வயல்வெளி.

பின்னால் வந்த நிசார் சொன்னான்: "ரெண்டு பேரும் உண்மைய மட்டும் பேசுங்கன்னு சொன்னா, அங்கயே நின்னுருவீங்க."

ஒருநாள் தெற்கே கோமாரிப் பக்கம் கூட்டிப்போனான். தென்னந்தோப்பு, கடல், அதை ஒட்டிப் பாறை. பாறைக்குப் பல் முக்கியமில்லை, ரப்பர்தான் முக்கியம் என்பதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். கல்லாக இருந்தால் கல்லில் வழுக்கும். கடைத்தெரு ஷூ இதில் தேறியது. போகும் பாதையில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஓடிய ஓட்டத்துக்கு எந்தப் பாடமும் தேவைப்படவில்லை. போடியார் அன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வயலுக்குப் போனதும் கதை மாறியது. நாவிதன்வெளிப் பக்கம், மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாட்கள், முழங்கால் உயரத்துக்கு நெல். இறங்கும் முன் போடியார் கை நீட்டிச் சொன்னார்: "சம்மந்தி, வரம்பு உடைஞ்சா உடைச்ச ஆள்தான் கட்டணும். கட்டிப்போட்டுத்தான் அங்கால போகணும். தண்ணி ஓடிப் பெய்த்தா மத்தவன்ட வெள்ளாமதான் காயும். ராசாவா இரிந்தாலும் சரி, சம்மந்தியா இரிந்தாலும் சரி."

சரி என்று ஓடினேன். ஒரு வயல் நீளம் போவதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு செங்கல். பொடிப்பல் சோலில் களிமண் ஏறி அடைத்து, பற்களே இல்லாமல் போய், சோப்புக்கட்டி மேல் நிற்பதுபோல் ஆனது. முன்னால் போன போடியார் சத்தமில்லாமல் வாய்க்காலுக்குள் இறங்கினார். சிரித்துக்கொண்டே நானும் இறங்கினேன். எங்கள் இருவரையும் நிசார் ஆளுக்கொரு கையாகப் பிடித்து ஏற்றினான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஓர் உழவு மெஷின் சேற்றிலிருந்து ரோட்டுக்கு ஏறியது. அதன் டயரையே பார்த்தேன். அதில் பற்கள் கொஞ்சம்தான். ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி, சாய்வாக. சக்கரம் சுற்றச் சுற்றச் சேறு தானாகவே உதிர்ந்து விழுகிறது. ஓலைக் கொட்டகையில் டயர் அறுத்தவனுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்! பெட்டியிலிருந்து தோல் வெட்டும் கத்தியை எடுத்தேன். அது இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. முற்றத்தில் உட்கார்ந்து, என் சோலில் ஒன்றுவிட்டு ஒன்று பல்லை அறுத்தெடுத்தேன். மிச்சத்தைச் சாய்வாகச் செதுக்கினேன். சாயங்காலமே வயலில் போட்டுப் பார்த்தேன். அடைக்கவில்லை. ஒவ்வோர் அடியிலும் சேறு தெறித்துப் போனது. சனிக்கிழமை என் கையில் என்று கூத்தாடிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் போடியார் ஒரு ஈர்க்குச்சியை வைத்துத் தன் ஷூவின் அடியில் மண் தோண்டிக்கொண்டிருந்தார். தோண்டுகிறார், தோண்டுகிறார், தீரவில்லை. நான் தேர்ந்து கொடுத்த ஷூ அது. கொஞ்ச நேரம் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"கொண்டாங்க இங்க" என்றேன்.

நிசார் ஓடிவந்தான். "அத்தா, நீங்க யார்கூடப் போட்டி போடுறீங்கன்னு மறந்துட்டீங்களா?"

"போட்டி காலுக்குடா. சோலுக்கு என்ன போட்டி?"

"அத்தா, யோசிச்சுச் செய்யுங்க" என்றான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தொழிலில் ஒன்று உண்டு. முதல் துண்டு பழக்கத்துக்கு, இரண்டாவது துண்டுதான் சரக்கு. என் ஷூவில் அவசரத்தில் பல்லின் விளிம்பைக் கூர்மையாக விட்டிருந்தேன். போடியாருடையதில் ஒவ்வொரு விளிம்பையும் மெல்ல உருட்டி, குதிகால் பற்களை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, உப்புத்தாளால் தேய்த்தும் கொடுத்தேன். அவ்வளவு அழகான சோலை என் தொழிற்சாலையிலேயே நான் செய்ததில்லை. போடியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சம்மந்தி, இதப் போட்டு நான் முந்தினா?"

"முந்த மாட்டீங்க."

சனிக்கிழமை வயலில், வாடியைச் சுற்றி ஊரே நின்றது. நிசாரின் ஓட்டக்காரர்கள், கடைக்காரர், கடற்கரைக் கடன்காரர். கையில் போன் இல்லாத ஆள் இல்லை. ரிஸ்னாவும் அவள் உம்மாவும் வாடியில் பிட்டும் தேங்காய்ச் சம்பலும் வைத்துக் காத்திருந்தார்கள். மதகடியிலிருந்து வாடிவரை வரம்பு. ஆளுக்கொரு வரம்பு, நடுவில் ஒரு வயல்.

ஓடினேன். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: பறந்தேன். பாதி தூரத்தில் போடியார் நன்றாகப் பின்னால். அந்தப் பக்கமிருந்து அவர் ஏதோ அளந்துகொண்டே வருவது கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், பேச்சு வரவில்லை. வேகம் அதிகம் என்று தெரிந்தும் குறைக்கவில்லை. அந்த வளைவைத் தாண்டினால் வாடி. ஆம்பூரில் நிசாருக்கு மாடியில் அறை கட்டுவதாக மனசுக்குள் சுவர்கூட எழுப்பிவிட்டேன். ஒரு நீட்டு அடி வைத்தேன். கூர்விளிம்புப் பல் வரம்பின் ஓரத்தில் கொத்தி இறங்கியது. பெயர்த்துக்கொண்டு காலை எடுத்தேன். வரம்பில் ஒரு பெரிய துண்டு கூடவே வந்துவிட்டது.

தண்ணீர் சளசளவென்று ஓடத் தொடங்கியது.

அது போடியாரின் வயல்கூட இல்லை, பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புக்காரர் யாருடையதோ. அந்த வளைவு வாடியிலிருந்து தெரியாது. அப்படியே போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு அடி போகவும் போனேன். பின்னால் தண்ணீர் சத்தம். ஒரு கொட்டகைக்கு மூன்று முறை சுவர் கட்டிய கை இது. திரும்பி மண்டியிட்டு, இரண்டு கையாலும் களிமண்ணை அள்ளி அள்ளி அடைத்தேன். அடைத்து, தட்டி, ஒழுகுகிறதா என்று பார்த்து, இன்னொரு கை மண்ணும் வைத்தேன். செய்வதைத் திருந்தச் செய்யாமல் எனக்குப் பழக்கமில்லை.

அதற்குள் அந்தப் பக்கத்து வரம்பில் போடியார் என்னைக் கடந்தார். கால் எங்கும் வழுக்கவில்லை, எங்கும் அடைக்கவில்லை, வரம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. என்ன சோல்! மண்டியிட்ட நிலையில் அதைத்தான் பார்த்தேன். இவ்வளவு அழகாக ஒரு சோல் ஓடி நான் பார்த்ததே இல்லை. என்னை அறியாமல் "அப்படித்தான்! அப்படித்தான்!" என்று கத்திவிட்டேன்.

வாடிக்குப் போனபோது போடியாரைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். நிசார் மட்டும் என்னிடம் ஓடிவந்தான். என் கையைப் பார்த்தான், முழங்கைவரை களிமண்.

"வரம்பு உடைஞ்சுச்சா?"

"கட்டிட்டேன்" என்றேன்.

அவன் என்னைச் சேறோடு கட்டிக்கொண்டான். முகத்தை என் தோளில் வைத்துக்கொண்டு விடவில்லை. அவனுக்கு இந்த ஊரில் இருக்கத்தான் ஆசை, என்னிடம் சொல்லத்தான் வாயில்லை என்பது எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. ரிஸ்னா தட்டில் பிட்டை வைத்து முதலில் என்னிடம்தான் நீட்டினாள். "மாமா, லீவுக்கு லீவு நாங்க வருவம். இது நான் தாற வாக்கு" என்றாள். பிட்டு சூடாக இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். தோற்றவனுக்குப் பசிக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

நான் ஊர் திரும்பிவிட்டேன். அந்த ஓட்டத்தின் வீடியோ இங்கே ஆம்பூர்வரை வந்துவிட்டது. போடியார் பாய்ந்து வருகிறார், ஊர் கத்துகிறது, கீழே "கல்முனைச் சிங்கம்" என்று போட்டிருக்கிறார்கள். நான் வரம்பு கட்டிய வளைவு அதில் இல்லை. சம்பந்தி பொத்துவில்வரை போய்த் தன் வெற்றியை அளந்துவிட்டு வருகிறார் என்று நிசார் சொல்கிறான். அளக்கட்டும். அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறதாம், அதையும் அளக்கட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கேட்கிற உரிமை எனக்கு உண்டு. அந்தக் கதையை எங்கே சொன்னாலும், காலைத் தூக்கிச் சோலைக் காட்டி, இது என் சம்பந்தி வெட்டியது என்று சொல்ல வேண்டும். பிறகு, மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரில் யாராவது நிசாரைப் புகழ்ந்தால், அங்கேயும் பேச்சை நிறுத்தி, அந்தப் பிள்ளையைச் செய்தது யார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் அப்பால் போக வேண்டும்.